தான் கட்டிய ஓபரா அரங்கத்திலேயே சுடப்பட்ட ராஜா: ஸ்வீடனின் மூன்றாம் குஸ்தாவும் அவருடைய நாடகங்களும்

திரைக்கயிறு

போன மாதம் வேலை விஷயமாக ஸ்டாக்ஹோம் போயிருந்தேன். ஒரு நாள் சும்மா கிடைத்தது. அரண்மனையின் நிலவறையில் அரச ஆயுதக் காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் நுழைந்தேன். வாள், கவசம், சாரட்டு என்று மேய்ந்துகொண்டே வந்தவன் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு முகமூடி விருந்து உடை. முதுகுப் பக்கம், இடுப்புக்குக் கிட்டே, ஓட்டை. மூன்றாம் குஸ்தாவ் 1792 மார்ச் 16 ராத்திரி போட்டிருந்தது. அவரைச் சுட்டது போர்க்களத்தில் இல்லை, அரண்மனையிலும் இல்லை. அவரே கட்டித் திறந்து வைத்த ஓபரா அரங்கத்தில்.

அதிலிருந்து இவரைப் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் ‘கலைகளை ஆதரித்த மன்னர்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஆதரிப்பது என்றால் தள்ளி உட்கார்ந்து பணம் கொடுப்பது. இவர் அப்படி இல்லை. கதை எழுதுவார், ஒத்திகையில் போய் உட்காருவார், இளவயதில் கிரிப்ஸ்ஹோம் கோட்டையில் அரசவை ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தானே வேஷம் கட்டி நடித்திருக்கிறார். நாடு ஆண்டதும் அதே மாதிரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாடகத்தை ராஜாங்க வேலையாகச் செய்தார், ராஜாங்கத்தை நாடகமாகச் செய்தார்.

ஆரம்பமே பாருங்கள். 1771இல் அப்பா இறந்த செய்தி வரும்போது இளவரசர் பாரிஸில் ஓபரா பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊர் திரும்பி அரியணை ஏறினதும், அரசவையில் பல வருஷமாக நாடகம் போட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுக் குழுவை அனுப்பிவிடுகிறார். இனி ஸ்வீடிஷ் மொழியில் நடக்கட்டும் என்று. அந்தக் காலத்து ஸ்வீடனில் பெரிய வீடுகளில் பிரெஞ்சுதான் பேச்சு. ஸ்வீடிஷ் நாடகம் என்றால் ஊர் ஊராகச் சுற்றுகிற சின்னக் குழுக்கள்தான். அதில் ஒரு குழு நடத்தின பெட்டர் ஸ்டென்போரிக்கு 1772இல் அரசவை முன்னால் ஆட ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஆடினார்கள். கனவான்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாடகத்தைப் பார்த்து வந்த சிரிப்பு இல்லை அது, ஆடினவர்களைப் பார்த்து வந்த சிரிப்பு.

இங்கேதான் ராஜா ஒரு யோசனை செய்தார். பேச்சு நாடகம் உடனே எடுபடாது, மொழி கரடுமுரடாகக் கேட்கிறது, முதலில் பாட்டாக வரட்டும், இசை மொழியின் முள்ளை மழுக்கிவிடும். அப்படித்தான் 1773 ஜனவரி 18ஆம் தேதி ஸ்வீடிஷ் மொழியின் முதல் பெரிய ஓபரா, ‘தெட்டிஸும் பெலேயும்’, மேடையேறியது. கதைத் திட்டம் ராஜாவுடையது. நாயகன் கார்ல் ஸ்டென்போரி, அந்த பெட்டரின் மகன்! நாயகி எலிசபெத் ஒலின், ஓர் அரசாங்க அதிகாரியின் மனைவி. அப்பனைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டம் மறு வருஷமே மகனுக்குக் கைதட்டியது.

இதை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது.

கடைசிவரிசை

புல்லரிப்பு அடங்கட்டும், அப்புறம் பேசலாம் 🙂

ஸ்வீடிஷ் ஓபரா என்கிறீர்கள். இசை அமைத்தவர் உத்தினி, இத்தாலிக்காரர். பிறகு வந்த பெரிய ஓபராக்களுக்கு இசை நௌமன், ஜெர்மானியர். சீன் வரைந்த டெப்ரே பிரான்ஸ்காரர், 1784இல் ரோமிலிருந்து கூட்டி வந்தார்கள். துரத்தி விட்டதாகச் சொல்கிற பிரெஞ்சுக் குழு என்ன ஆயிற்று? 1781இல் மோன்வெல் என்கிற பாரிஸ் நடிகரை வரவழைத்து மறுபடியும் ஒரு பிரெஞ்சுக் குழுவை வைத்துக்கொண்டார். அதாவது ஊருக்கு உபதேசம் ஸ்வீடிஷ், சொந்த ரசனைக்குப் பிரெஞ்சு. ராஜா பிரெஞ்சிலேயே கடிதம் எழுதுகிற ஆள், ஸ்வீடிஷில் எழுதினால் எழுத்துப்பிழை மலிந்து கிடக்கும். அவர் உரைநடையில் எழுதிக் கொடுத்த கதையைச் செய்யுளாக்கியவர் கவிஞர் செல்கிரென். பெயர் யாருக்குப் போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செம்பருத்தி

கடைசிவரிசை சார், பிற நாட்டு ஆட்களைக் கூட்டி வந்தது குற்றமா? இல்லாத ஒரு தொழிலை உண்டாக்க வேண்டும் என்றால் தெரிந்தவர்களைத்தானே கூப்பிட முடியும். என் சந்தேகம் வேறு இடத்தில்.

நான் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள், அதனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. 1772 ஆகஸ்ட் 19: குஸ்தாவ் ரத்தம் சிந்தாமல் ஆட்சிக் கவிழ்ப்பு நடத்துகிறார். அதுவரை அதிகாரம் நாடாளுமன்றத்திடம், ராஜா பொம்மை. அன்று காலை ராஜா இடது கையில் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிக்கொள்கிறார், தன் பக்கம் நிற்கிறவர்களும் அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும். நாடகக்காரனுக்குத்தான் இது தோன்றும். தூரத்திலிருந்து பார்த்தாலும் யார் யார் எந்தப் பாத்திரம் என்று தெரிய வேண்டுமே. அது நடந்து ஐந்தே மாதத்தில் ஓபரா. அடுத்த வருஷம், 1774, பத்திரிகைச் சுதந்திரத்துக்குக் கடிவாளம். 1766இல் உலகத்துக்கே முன்மாதிரியாக ஒரு சட்டம் போட்டிருந்த நாடு அது. மேடையில் பேச்சு கூடியது, அச்சில் பேச்சு குறைந்தது. இரண்டும் ஒரே கை செய்த வேலை.

இதைச் சொல்வதால் அவரைத் திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சித்திரவதையை ஒழித்தார், மதச் சகிப்பு கொண்டு வந்தார், அதுவும் இதே ஆள்தான். ஆனால் நாடகத்தின் மேல் வந்த காதலையும் அதிகாரத்தின் மேல் வந்த காதலையும் இவரிடம் தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

உச்சம் 1786. ‘குஸ்தாவ் வாஸா’ ஓபரா. 1520இல் ஸ்டாக்ஹோமில் படுகொலை நடத்திய டென்மார்க் ராஜா கிறிஸ்டியன் வில்லன், அவரிடமிருந்து நாட்டை மீட்ட வாஸா நாயகன். கதை நம் ராஜாவுடையது, செய்யுள் செல்கிரென், இசை நௌமன், காட்சிகள் டெப்ரே. கூட்டம் அலைமோதியது. மேடையில் டென்மார்க்குக்கு எதிராக ரத்தம் கொதிக்க வைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் நார்வேயை டென்மார்க்கிடமிருந்து பிடுங்க முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

இரண்டே வருஷம் கழித்து, 1788இல், டென்மார்க் நிஜமாகவே படையெடுத்து வருகிறது. ராஜா என்ன செய்தார்? டாலர்னா மாகாணத்தில் மோரா ஊருக்குப் போய் விவசாயிகளைக் கூட்டிப் பேசி ஆள் சேர்த்தார். அது பழைய வாஸா போய்ப் பேசின அதே ஊர். தான் எழுதின ஓபராவின் காட்சிக்குள் தானே நடந்து போயிருக்கிறார்! அங்கிருந்து கோத்தன்பர்க் நகரத்தைக் காப்பாற்ற ஓடினார், காப்பாற்றவும் செய்தார்.

வெத்தலைப்பெட்டி

1788ஐப் பேசிவிட்டு அந்தத் தையல்காரரை விட்டுவிட்டீர்களே டீச்சர்! இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

தெரியாதவர்களுக்கு: டென்மார்க் வந்தது பின்னால். முதலில் ரஷ்யாவோடு சண்டை. சண்டை வேண்டும் என்று ஆசைப்பட்டது குஸ்தாவ். ஆனால் அவரே 1772இல் போட்ட அரசியலமைப்புப்படி, நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அவராகப் போர் தொடுக்கக் கூடாது. எதிரி முதலில் அடித்தால் திருப்பி அடிக்கலாம். எதிரி அடிக்க மாட்டேன் என்கிறான். என்ன செய்வது? ஓபராவின் தலைமைத் தையல்காரரைக் கூப்பிட்டு ரஷ்யச் சிப்பாய் உடுப்புகள் தைக்கச் சொன்னார்கள். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ஸ்வீடன்காரர்களே, அப்போது ஸ்வீடனோடு சேர்ந்திருந்த பின்லாந்தின் எல்லையில், ஸ்வீடன் காவல் சாவடியைச் சுட்டார்கள். ஊர் பேர் பூமாலா. (நம் காதுக்குப் பூமாலை மாதிரி கேட்கிறது, உள்ளே இருந்தது வெடி.) ‘பார்த்தீர்களா, ரஷ்யன் அடித்துவிட்டான்’ என்று போர் அறிவிப்பு.

தையல்காரருக்கு விஷயம் தெரிந்திருக்குமா? ஏதோ புது நாடகத்துக்கு ரஷ்யப் பாத்திரங்கள் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டு பட்டன் தைத்திருப்பாரோ? எனக்கு இதை நினைத்தால் தூக்கமே வருவதில்லை.

கடைசிவரிசை

இதைத்தான் சொல்கிறேன். ‘நாடகத்தை ராஜாங்க வேலையாகச் செய்தார்’ என்று இழை தொடங்கியவர் அழகாக எழுதிவிட்டார். பொய் உடுப்பில் தொடங்கின போரில் செத்தவன் நிஜமாகத்தான் செத்தான்.

திரைக்கயிறு

ஒத்துக்கொள்கிறேன். நான் எழுதினதில் பாராட்டு மட்டும் தெரிந்தால் அது என் எழுத்தின் கோளாறு.

விளக்குக்காரன்

நான் இருபத்தைந்து வருஷமாக நாடகங்களுக்கு லைட் போடுகிறவன், அரசியல் எல்லாம் பெரியவர்கள் பேசுங்கள். ட்ராட்னிங்ஹோம் என்று ஒரு பழைய அரங்கம் அங்கே இன்னும் அப்படியே இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் யாராவது சீன் எப்படி மாறுகிறது என்று சொல்ல முடியுமா? படுதாவா, தட்டியா?

உப்சாலாவாசி

அண்ணா, நான் சொல்கிறேன். இங்கே வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, அதற்குள் நாலு தடவை போய்விட்டேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன், என் மனைவிக்கு அலுத்துவிட்டது.

ஸ்டாக்ஹோமுக்கு வெளியே ஏரிக்கரையில் ராணியின் அரண்மனை, அதன் பக்கத்தில் வெளியிலிருந்து பார்த்தால் தானியக் கிடங்கு மாதிரி ஒரு மஞ்சள் கட்டடம். முன்னால் இருந்த அரங்கம் 1762இல் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே தீப்பிடித்து எரிந்துவிட்டது. அதற்குப் பதிலாக குஸ்தாவின் அம்மா லொவீஸா உல்ரிக்கா கட்டச் சொன்னது இது. 1766. வரைந்தவர் ஆடல்க்ரான்ஸ், பின்னால் ஸ்டாக்ஹோம் ஓபரா அரங்கத்தை வரைந்தவரும் அவரே. 1777இல் குஸ்தாவ் கைக்கு வந்தது.

உள்ளே போனால் பளிங்குத் தூண், செதுக்கு வேலை என்று கண்ணைப் பறிக்கும். கிட்டே போய்ப் பாருங்கள், அவ்வளவும் மரத்தின் மேல் வண்ணம், காகிதக் கூழ். கையில் காசு குறைவு, அவசரமாகக் கட்டியது. ராஜா உட்காருகிற இடமே ஒரு செட்.

இப்போது உங்கள் கேள்வி. இரண்டும் உண்டு. பின்னால் தொங்குவது படுதா, பக்கங்களில் தட்டிகள். ஆனால் தட்டியை ஆள் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஒவ்வொரு தட்டியும் மேடைப் பலகையில் வெட்டின காடி வழியாகக் கீழே இறங்கி, மேடைக்கு அடியில் சக்கரம் வைத்த ஒரு சட்டத்தில் நிற்கிறது. எல்லாச் சட்டங்களும் கயிறுகளால் ஒரே பெரிய மர உருளையோடு கட்டப்பட்டிருக்கின்றன. உருளையின் கைப்பிடிகளைப் பிடித்து நாலு பேர் சுற்றினால் அரண்மனைத் தட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போகும், காட்டுத் தட்டிகள் எல்லாம் வெளியே வரும். பத்து நொடிகூட ஆகாது. திரை இறங்காது, சபை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கும். இதைச் செய்தவர் டொனாத்தோ ஸ்தொப்பானி என்ற இத்தாலிக்காரர். அன்றைக்குக் கூட்டத்துக்கு இதுதான் முக்கிய விருந்து, பாட்டு அப்புறம்.

கடல் வேண்டுமா? முறுக்கின மாதிரி செதுக்கி நீலம் அடித்த நீள மர உருளைகள் வரிசையாகப் படுத்திருக்கும், கைப்பிடியைச் சுற்றினால் அலை அடிக்கும். மேகத்தில் தேவதை இறங்க ஒரு தனி நாற்காலி. இடிக்கு ஒரு நீளப் பெட்டி, உள்ளே கற்கள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தால் உருளும்.

விளக்குக்காரன்

இடிக்கு நாங்கள் தகரத்தைத் தொங்கவிட்டு ஆட்டுவோம். தகரம் ‘படபட’ என்று பக்கத்திலேயே கேட்கும். கல் பெட்டி எப்படிக் கேட்கிறது?

உப்சாலாவாசி

தூரத்து இடி. மரக் கட்டடம் முழுக்க அதிரும், பெஞ்சு வழியாக உடம்பில் ஏறும். முதல் தடவை என் மகன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

இன்னொன்று. பெஞ்சுகளில் யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்று எழுதி வைத்தது இன்னும் அழியாமல் இருக்கிறது. இந்த வரிசை இன்ன பதவிக்காரருக்கு, அந்த வரிசை இன்ன சேவகருக்கு என்று. ராஜாவும் ராணியும் முன்னால். மேடையின் ஆழமும் சபையின் ஆழமும் ஏறக்குறைய சமம், அந்தப் பக்கம் ஒரு நாடகம், இந்தப் பக்கம் ஒரு நாடகம்.

ராஜா செத்ததும் இதைப் பூட்டினார்கள். சாமான் போடும் கிடங்காகக் கிடந்தது. இடித்துப் புதுசாகக் கட்டக்கூட யாருக்கும் அக்கறை இல்லை, பிழைத்ததே அதனால்தான். 1921இல் ஆக்னே பெய்யர் என்ற ஆராய்ச்சியாளர் ஏதோ ஒரு ஓவியத்தைத் தேடி உள்ளே நுழைந்திருக்கிறார். பார்த்தால் யந்திரம், தட்டி, படுதா எல்லாம் தூசிக்கு அடியில் அப்படியே. முக்கியமாகக் கயிறுகளை மாற்றினார்கள், மெழுகுவர்த்தி மாதிரி எரிகிற மின்விளக்கு போட்டார்கள், மறு வருஷமே மேடை ஏறியாயிற்று. கோடையில் மட்டும்தான் நிகழ்ச்சி, உள்ளே கணப்பு கிடையாது.

கடைசிவரிசை

நன்றாக எழுதினீர்கள், நானும் டிக்கெட் விலை தேட ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அந்தப் பெஞ்சு எழுத்தைப் பிடித்துக்கொள்கிறேன். அதில் ஊர்க்காரனுக்கு ஒரு வரிசை இருந்ததா? ‘நாட்டு நாடகத்தின் தந்தை’ என்று இவரைச் சொல்லும்போது எந்த நாடு என்று கேட்கத் தோன்றுகிறது. பெட்டர் ஸ்டென்போரி ராஜா வருவதற்கு முன்பே ஸ்வீடிஷில் ஆடிக்கொண்டிருந்த ஆள். பிறகு ஹும்லேகோர்டன் தோட்டத்தில் ஒரு கொட்டகை போட்டு, ராஜாவின் ஓபராக்களையே நக்கல் செய்து நாடகம் போட்டார்கள். ‘தெட்டிஸும் பெலேயும்’ அவர்களிடம் ‘பெட்டிஸும் டெலேயும்’ ஆகிவிட்டது! எழுதியவர் ஹால்மன். மக்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். நாட்டு நாடகம் என்றால் எனக்கு அதுதான்.

திரைக்கயிறு

பெட்டிஸும் டெலேயும் 😂 இதை எப்படித் தவறவிட்டேன்.

ஆனால் பாருங்கள், 1780இல் அந்தக் கொட்டகைக் குழுவை அப்பாவிடமிருந்து வாங்கி நடத்தியது யார்? கார்ல் ஸ்டென்போரி. ராஜாவின் ஓபராவில் நாயகன் வேஷம், சொந்தக் கொட்டகையில் அதே ஓபராவை நையாண்டி செய்கிற கம்பெனிக்கு முதலாளி. ராஜா இதைத் தடுக்கவில்லை. ஸ்டாக்ஹோமில் அரச அரங்கம் தவிர வேறு எதுவும் ஆடக்கூடாது என்ற தடை 1798இல் வந்தது, அது மகன் காலம். அந்தத் தடை 1842 வரை நீடித்தது. எனவே கொட்டகையைக் கொன்ற பழியைக் குஸ்தாவ் தலையில் வைக்க முடியாது.

செம்பருத்தி

கூடவே ரிஸ்டெல் கதையையும் சேர்க்க வேண்டும். 1787இல் ராஜாவின் அனுமதியோடு அடால்ஃப் ஃப்ரெட்ரிக் ரிஸ்டெல் ஸ்வீடிஷ் பேச்சு நாடகத்துக்கென்றே ஒரு கம்பெனி ஆரம்பித்தார், பழைய பந்தாட்டக் கூடமான பொல்ஹூசெட்டில். ஒரு வருஷத்துக்குள் கடன் கழுத்தை நெரித்தது, ஆள் நாட்டை விட்டே ஓடிவிட்டார். நடுத்தெருவில் நின்ற நடிகர்களைத்தான் 1788இல் ராஜா தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். அதுதான் இன்றைக்கும் இருக்கிற அரச நாடக அரங்கம், ட்ராமாட்டன். பின்னாளில் திரைப்பட இயக்குநர் இங்மர் பெர்க்மன் தலைவராக இருந்த அதே இடம். தொடக்கத்தில் அதை நிர்வாகம் செய்தது நடிகர்களே, கூடி முடிவெடுத்து. பூமாலா உடுப்பு தைத்த அதே 1788 என்பதையும் கவனியுங்கள். ஒரு மனிதரைப் பற்றி ஒரே தீர்ப்பு எழுத வேண்டும் என்று என்னை யாரும் கட்டாயப்படுத்தாமல் இருந்தால் சரி.

வெத்தலைப்பெட்டி

சரி, அந்தக் கடைசி ராத்திரியை யாரும் சொல்லவில்லையே. தொடங்கியவரே ஓட்டையைக் காட்டிவிட்டு ஓடிவிட்டார்.

திரைக்கயிறு

சொல்கிறேன். 1789இல் ராஜா பிரபுக்களின் சலுகைகளை வெட்டினார், அந்தக் கோபம் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. 1792 மார்ச் 16, ஓபரா அரங்கத்தில் முகமூடி விருந்து. ராஜா மாடியில் தன் அறையில் நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிரெஞ்சில் எழுதின ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது: இன்று உங்கள் உயிருக்கு ஆபத்து, கீழே போக வேண்டாம் என்று. எழுதியவர் லில்லியஹோர்ன், சதிக்காரர்களில் ஒருவரே, மனசு கேட்காமல் எழுதிவிட்டார். கூட இருந்த எஸ்ஸென் பிரபு போக வேண்டாம் என்று கெஞ்சினார். ராஜா முதலில் அரங்கத்தில் தனக்கென்று இருந்த மாடத்தின் முன்னால் கொஞ்ச நேரம், எல்லார் கண்ணிலும் படும்படி, நின்று பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கினார். முகமூடி என்ன முகமூடி, மார்பில் அரச விருதின் நட்சத்திரம் மின்னிக்கொண்டிருந்தது. கறுப்பு உடையும் முகமூடியுமாகச் சிலர் சுற்றி வளைத்தார்கள், ‘வணக்கம், அழகு முகமூடியே’ என்று பிரெஞ்சில் ஒரு குரல், பின்னாலிருந்து சதிக்காரர்களில் ஒருவனான ஆங்கர்ஸ்ட்ரோம் சுட்டுவிட்டான்.

உடனே கதவுகளைச் சாத்தி, ஒவ்வொருவரையும் முகமூடி கழற்றச் சொல்லி, பேர் எழுதிக்கொண்டுதான் வெளியே விட்டார்கள். தரையில் கிடந்த துப்பாக்கியைத் துப்பாக்கி செய்கிற தொழிலாளி ஒருவர் அடையாளம் சொல்ல, மறுநாளே ஆள் அகப்பட்டான். ராஜா பதின்மூன்று நாள் கிடந்து, புண் சீழ் பிடித்து மார்ச் 29இல் இறந்தார். இதையே வைத்துப் பிற்காலத்தில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி ஓபரா எழுதினார். ராஜாவை மேடையில் கொல்லக் கூடாது என்று தணிக்கைக்காரர்கள் பிடித்த பிடியில் கதையை அமெரிக்காவின் பாஸ்டனுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ராஜா அங்கே ஓர் ஆளுநர்.

கடைசிவரிசை

அந்த ஓபரா அரங்கம் இப்போது?

உப்சாலாவாசி

1892இல் இடித்துவிட்டார்கள், சரியாக நூறு வருஷம் கழித்து. அதே இடத்தில் இப்போது இருப்பது 1898இல் திறந்தது. சதுக்கத்தின் நடுவில் சிலையும் உண்டு, ஆனால் அது வேறு ராஜா, இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு ‘சுடப்பட்ட ராஜா’ என்று போட்டுவிடுகிறார்கள்.

விளக்குக்காரன்

தம்பி, ஒரே ஒரு கேள்வி. ட்ராட்னிங்ஹோமில் அந்தப் பெரிய உருளையை இன்றைக்கும் கையால்தான் சுற்றுகிறார்களா, இல்லை மோட்டார் வைத்துவிட்டார்களா?

உப்சாலாவாசி

கையால்தான் அண்ணா. நானும் ஒரு தடவை பிடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். சுற்றிக் காட்டுகிற பெண் சிரித்துக்கொண்டே முடியாது என்றுவிட்டார். நீங்கள் லைட் போடுகிறவர் என்று சொல்லிப் பாருங்கள், கோடையில் வந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.